நிறைமாதத்தில் வேலை தேடுகிறீர்களா? முதலில் காலண்டரை எடுங்கள்

"இந்த நேரத்துல எதுக்கும்மா வேலை, கொழந்தை பொறந்தப்புறம் பாத்துக்கலாமே" என்று சொல்லாத ஆளே இருக்க மாட்டார்கள். அவர்களுக்கெல்லாம் காரணம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கான்ட்ராக்ட் முடிந்திருக்கும், கணவரின் கம்பெனியில் ஆள்குறைப்பு நடந்திருக்கும், வீட்டுக் கடன் தவணை யாருக்காகவும் நிற்காது. தேடுவது என்று முடிவாகிவிட்டால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இப்போது ரெஸ்யூமேயை விட ஸ்கேன் ரிப்போர்ட் முக்கியம். எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது, எப்போது சேருவது, எதைக் கேட்டு வாங்குவது, எதை விட்டுவிடுவது, எல்லாமே அதில் இருக்கும் பிரசவத் தேதியைப் பொறுத்தது.

ஒவ்வொரு ஸ்கேனிலும் தேதி நாலைந்து நாள் முன்னே பின்னே காட்டும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனை வைத்து டாக்டர் குறித்த தேதி எதுவோ, அதையே எல்லா இடத்திலும் சொல்லுங்கள். ஒரு கம்பெனியில் ஒரு தேதி, சான்றிதழில் வேறு தேதி என்று போனால் பின்னால் விடுப்புக் கணக்கில் இடிக்கும்.

இங்கே சொல்லப்போவது தமிழ்நாட்டில் தனியார் வேலை தேடுவோருக்கு. அரசு வேலைக்கு விதிகள் வேறு.

பழைய வேலையை இன்னும் விடவில்லை என்றால்

ராஜினாமா கடிதத்தை அனுப்பாதீர்கள். நீங்களாக எழுதிக்கொடுத்து விலகினால், மகப்பேறு விடுப்புச் சம்பளத்தைக் கேட்கும் பிடி கைநழுவிப் போகும். அவர்களாக நீக்கினால் நிலைமையே வேறு. கர்ப்பகாலத்தில் வேலையை விட்டு நீக்கினாலும், நீக்காமல் இருந்திருந்தால் என்ன பணம் வந்திருக்குமோ அதைக் கொடுத்தாக வேண்டும். கடுமையான ஒழுங்கீனத்துக்காக நீக்கினால் மட்டும்தான் விலக்கு. உத்தரவு கைக்கு வந்த 60 நாளுக்குள் தொழிலாளர் துறையில் முறையிட வேண்டும். "நீங்களே பேப்பர் போட்டுடுங்க, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நல்லா தர்றோம்" என்று ஹெச்ஆர் இனிக்க இனிக்கப் பேசுவது இதனால்தான்.

வேலையை விட்டு சில மாதம் ஆகிவிட்டதா? பழைய சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தார்களா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பிடிப்பார்கள், சம்பளத்தில் 0.75 சதவீதம் கழியும். பலரும் வேலை போனதும் இஎஸ்ஐயும் போய்விட்டது என்று நினைத்து அட்டையைப் பீரோவில் போட்டுவிடுகிறார்கள். இஎஸ்ஐ தரும் மகப்பேறுப் பணத்தின் கணக்கு அப்படி ஓடுவதில்லை. பிரசவம் ஜூலை முதல் டிசம்பருக்குள் வந்தால், அதற்கு முந்தைய மார்ச் வரையிலான ஒரு வருடத்தைப் பார்ப்பார்கள். ஜனவரி முதல் ஜூனுக்குள் வந்தால், முந்தைய செப்டம்பர் வரையிலான ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் 70 நாளுக்குச் சந்தா ஏறியிருக்க வேண்டும். அது ஒரே கம்பெனியில்தான் ஏறியிருக்க வேண்டும் என்பதில்லை.

2026 செப்டம்பர் 30 பிரசவத் தேதி என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச்சுக்குள் 70 நாள் சந்தா இருந்தால், ஜனவரியிலேயே வேலையை விட்டவருக்கும் 26 வாரப் பணத்துக்கு வழி இருக்கிறது. அட்டையையும் தாய் சேய் நல அட்டையையும் எடுத்துக்கொண்டு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். வேலை தேடும் அவசரமே பாதியாகக் குறையலாம். புதுக் கம்பெனியில் சேரும்போதும் பழைய இஎஸ்ஐ எண்ணையே கொடுங்கள். சேர்க்கும் நாளில் அவசரத்துக்குப் புது எண் போட்டுவிட்டால் பழைய சந்தா ஒட்டாது. முதல்முறை சேருகிறவராகக் கணக்கு ஆரம்பித்தால் பணப்பலனுக்கு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். மருத்துவம் மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு. சென்னையில் கே.கே.நகர், அயனாவரம், கோவையில் சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனைகளில் பிரசவம் பார்க்கலாம்.

80 நாள் கணக்கு

இஎஸ்ஐ இல்லாத வேலைகளுக்கு 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம்தான் நெடுங்காலம் அடிப்படை. 2017 திருத்தத்தில் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 2025 நவம்பர் 21 முதல் இந்த விதிகள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன, எண்கள் மாறவில்லை. கடை, அலுவலகம் என்றால் 10 பேராவது வேலை பார்க்கும் இடமாக இருக்க வேண்டும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன்னால் எட்டு வாரம் வரை எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தை இருந்தால் 12 வாரம்தான்.

இதற்கெல்லாம் ஒரு பூட்டு உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அதே முதலாளியிடம் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். பழைய கம்பெனியில் பார்த்த ஐந்து வருடம் இங்கே செல்லாது.

அதே செப்டம்பர் 30-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முன்னால், 23-ஆம் தேதி வரை வேலைக்குப் போக முடியும் என்று வைப்போம். வாரம் ஆறு நாள் வேலை என்றால் பின்னோக்கி எண்ணி வரும்போது 80-ஆவது நாள் ஜூன் 23-இல் விழும். அன்றைக்கு நீங்கள் 25 வாரம் கடந்த கர்ப்பிணி. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் ஜூன் 4-ஆம் தேதியே சேர்ந்திருக்க வேண்டும், அப்போது 23 வாரம். இதற்குள் காய்ச்சலுக்கு ஒரு நாள், செக்கப்புக்கு மூன்று நாள் என்று விட்டுப்போகும். ஆகவே பத்து நாளாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி சம்பளத்தோடு விடும் விடுமுறைகளும் 80-இல் சேரும். ஆனால் வாரவிடுமுறையைச் சேர்ப்பதா என்று ஹெச்ஆர் மல்லுக்கு நிற்பார்கள். அதைச் சேர்க்காமலேயே 80 வருகிற மாதிரி பார்த்துக்கொள்வது நிம்மதி.

80-ஆவது நாளில் என்ன இருக்கிறது? மாதம் 30,000 சம்பளம் என்றால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 1,000 ரூபாய். 26 வாரம் என்பது 182 நாள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான். ஞாயிறு சேருமா சேராதா என்ற வழக்கு கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போய், ஒரு தோட்டத் தொழிலாளிக்குச் சாதகமாக 1977-இல் தீர்ந்தது. ஆக, 79 நாளில் நின்றவருக்கும் 80 நாள் முடித்தவருக்கும் இடையே சுமார் 1,82,000 ரூபாய் இருக்கிறது.

சுருக்கமாக ஒரு கைக்கணக்கு: ஏழாம் மாத வளைகாப்பு முடிந்த பிறகு தேட ஆரம்பித்தால், அந்தப் பிரசவத்துக்கு 80 நாள் எட்டாது. எட்டாததைத் துரத்தி, எட்டாம் மாதத்தில் இரண்டு பஸ் மாறி ஆபீஸ் போய், கடைசியில் சம்பளமில்லாத விடுப்பில் வந்து நிற்காதீர்கள். உங்களுக்கான வழி வேறு.

ஏழாம் மாதம் தாண்டியவர்களுக்கு இரண்டு வழி

முதல் வழி, இப்போதே தேர்வாகி, பிரசவத்துக்குப் பிறகு சேருவது. இது நடக்காத காரியம் என்று எண்ண வேண்டாம். ஐடி, வங்கி சார்ந்த நிறுவனங்கள், பெரிய ஆடிட் ஆபீஸ்கள் எல்லாம் 90 நாள் நோட்டீஸ் பீரியட் உள்ள ஆட்களுக்காகக் காத்திருந்து பழகியவை. ஆகஸ்ட் 20-ஆம் தேதி ஆஃபர் வருகிறது, செப்டம்பர் 30 பிரசவத் தேதி. பிரசவமான பின் ஆறு வாரத்துக்கு எந்த முதலாளியும் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அது நவம்பர் 11-இல் முடியும். ஆகஸ்ட் 20-லிருந்து எண்ணினால் 83 நாள். அதாவது நோட்டீஸ் பீரியடில் இருக்கும் ஓர் ஆணுக்குக் காத்திருக்கும் காலத்தை விடக் குறைவு.

ஆனால் ஆறு வாரத்தில் சேருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சிசேரியன் ஆனால் ஆறாவது வாரத்தில்தான் தையல் சரியாகி நிமிர்வீர்கள். தாய்ப்பால் ஒரு ஒழுங்குக்கு வர இன்னும் சில வாரம் பிடிக்கும். 12 வாரம் கேளுங்கள். மேலே சொன்ன கணக்கில் டிசம்பர் 23 வருகிறது. அதை "ஜனவரி 4, திங்கள்கிழமை" என்று சொன்னால் கேட்பவருக்குப் புது வருடத் தொடக்கம், உங்களுக்குப் பன்னிரண்டு நாள் கூடுதல். "டெலிவரி ஆனதும் சொல்றேன்" என்ற பதில்தான் ஆஃபரைக் கெடுக்கும். தேதி இல்லாத ஆளுக்காக யாரும் காலியிடத்தை வைத்திருக்க மாட்டார்கள்.

நௌக்ரி தளத்தில் நோட்டீஸ் பீரியட் என்ற கட்டத்தில் மூன்று மாதம் என்றே குறியுங்கள். உடனே சேரலாம் என்று குறித்தால், நாளைக்கே ஆள் வேண்டும் என்கிறவர்கள்தான் போனில் நச்சரிப்பார்கள், பத்து அழைப்பும் வீண். இன்னொன்று, தளத்தில் ப்ரொஃபைலை வாரத்துக்கு இரண்டு முறையாவது தொட்டு ஒரு வரியை மாற்றுங்கள். அண்மையில் புதுப்பித்தவை முன்னால் வரும். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிந்து வையுங்கள், கட்டணம் கிடையாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலக முகாம்களுக்கு நேரில் போவதை மட்டும் இந்த மாதங்களில் தவிர்க்கலாம். அங்கே நின்றே கால் வீங்கிவிடும்.

இரண்டாவது வழி, பிரசவம் வரைக்கும் வீட்டிலிருந்து செய்கிற சின்ன வேலை. இதில் புதிதாகக் கற்றுக்கொண்டு செய்வதைத் தேடாதீர்கள், ஏற்கெனவே கையில் இருக்கும் தொழிலை வையுங்கள். டேலி தெரிந்தவர் என்றால் சிறு கடைகளின் ஜிஎஸ்டி கணக்கு. மாதம் 11-ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20-ஆம் தேதி ஒன்று, ஆக வேலை முழுவதும் முதல் இருபது நாளில் நெருக்கும். பிரசவத் தேதி மாதத்தின் முதல் பாதியில் இருந்தால் அந்த மாதக் கணக்கை ஒப்புக்கொள்ளாதீர்கள், தாமதத்துக்கான அபராதம் கடைக்காரர் தலையில் விழும். மெடிக்கல் கோடிங் அனுபவம் இருந்தால் வீட்டிலிருந்து ஆடிட் வேலை கிடைக்கும். ஆசிரியர் என்றால் ஆன்லைன் டியூஷன். மணிக்கணக்கு, பக்கக் கணக்கு என்று பேசிக்கொள்ளுங்கள், மாதச் சம்பளம் வேண்டாம். நடுவில் வலி வந்து நின்றாலும் அதுவரை செய்ததற்குக் கூலி நிற்கும்.

பள்ளி வேலைக்கு ஒரு சின்னத் தந்திரம். ஜூனில் சேருகிற கூட்டத்தோடு முட்டாமல், பிரசவத்துக்குப் பிறகு வரும் இடைக்காலக் காலியிடங்களைப் பாருங்கள். அவற்றில் பல இன்னொரு ஆசிரியை மகப்பேறு விடுப்பில் போனதால் வந்தவை. பிள்ளை பெற்றவரின் இடத்துக்குப் பிள்ளை பெற்றவர் வருவதைப் பள்ளி நிர்வாகம் கூட வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

எங்கே இருந்து வேலை செய்வீர்கள்?

நம் ஊரில் இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு போய்விடுவோம். வேலை தேடுவது சென்னையில், பிரசவம் தேனியில், அப்புறம் மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத் திரும்பி வருவது. ஹெச்ஆர் "கரண்ட் லொகேஷன்" கேட்கும்போது என்ன சொல்வது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். அம்மா வீட்டில் இணைய வசதி எப்படி, எத்தனை மணிக்கு மின்வெட்டு, வீடியோ நேர்காணலுக்குக் கதவு சாத்திக்கொள்ளும் அறை உண்டா என்பதையும் பாருங்கள். பாட்டி நடுவில் கதவைத் தட்டி "ராகி கஞ்சி ஆறிப்போகுது" என்பார். அதற்கு யாரும் வேலை மறுக்கப்போவதில்லை, ஆனால் நெட் நான்கு முறை அறுந்தால் மறுப்பார்கள். நேர்காணலுக்கு மொபைல் டேட்டாவில் ஒரு மாற்றுச் சிம் தயாராக வையுங்கள்.

சொல்வதா, மறைப்பதா?

நேர்காணலில் கர்ப்பத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகம் வேலைக்குச் சேரும் பெண்களிடம் மாதவிலக்கு, கர்ப்பம் பற்றியெல்லாம் படிவத்தில் கேட்டுவந்தது. அப்படிச் சேர்ந்து, பயிற்சிக்காலத்தில் மகப்பேறு விடுப்பு எடுத்த நீரா மாத்தூரை நீக்கியபோது, அந்தக் கேள்விகள் பெண்ணின் கண்ணியத்துக்கு இழுக்கு, படிவத்திலிருந்து எடுங்கள் என்று சொல்லி, அவரை வேலையில் திரும்பச் சேர்க்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அது 1991. 2021 டிசம்பர் 31-இல் பாரத ஸ்டேட் வங்கி, மூன்று மாதத்துக்கு மேலான கர்ப்பிணிகள் தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள் என்று ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 2022 ஜனவரியில் நிறுத்திவைத்தது. முப்பது வருடத்தில் மனம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு இதைவிட அளவுகோல் வேண்டாம்.

சட்டம் ஒரு பக்கம், நடைமுறை ஒரு பக்கம். எட்டாம் மாதத்தில் நேரில் போனால் சொல்லாமலே தெரியும். வீடியோவில் தோளுக்கு மேல்தான் தெரியும், அதனால் மறைத்துவிடலாம் என்று தோன்றும். எங்கள் யோசனை இது: ரெஸ்யூமேயில் போடாதீர்கள், முதல் போன் அழைப்பில் சொல்லாதீர்கள். வேலை பற்றிய கேள்விகளெல்லாம் முடிந்து, சேரும் தேதி பற்றிப் பேச்சு வரும் சுற்றில் நீங்களே சொல்லுங்கள். அதற்கு முன்னால் சொன்னால் திறமையைப் பார்க்காமலேயே தட்டிக்கழிப்பார்கள். ஆஃபர் லெட்டர் வாங்கி ஒப்புக்கொண்ட பிறகு சொன்னால் வேலை போகாமல் இருக்கலாம், ஆனால் முதல் நாளிலிருந்து உங்கள் மேலாளர் உங்களை நம்ப மாட்டார்.

சொல்லும்போது மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். இப்படி:

"மேடம், ஜாய்னிங் டேட் பேசறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். எனக்கு செப்டம்பர் கடைசில டெலிவரி. ஜனவரி 4-ஆம் தேதி நான் ஜாயின் பண்ணிடுவேன். கொழந்தையைப் பாத்துக்க அம்மா எங்ககூட வந்து இருக்கப்போறாங்க. நடுவுல ட்ரெயினிங் மெட்டீரியல் ஏதாவது அனுப்பினா நவம்பர் நடுவுல இருந்து படிச்சு வெச்சுக்கறேன்."

இதில் நான்கு விஷயம் இருக்கிறது: பிரசவ மாதம், சேரும் தேதி, குழந்தையை யார் பார்ப்பார்கள், இடையில் என்ன செய்ய முடியும். மூன்றாவதைக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை, உண்மைதான். ஆனால் கேட்காமலே மனதுக்குள் கேட்டு, அவர்களே ஒரு பதிலையும் எழுதிக்கொள்கிறார்கள். நீங்கள் சொல்வது அந்தப் பதிலை விட நன்றாக இருக்கும். சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள். எடை, சுகர், முந்தைய கருச்சிதைவு, இதெல்லாம் டாக்டரிடம் பேச வேண்டியவை.

"ரெண்டாவது கொழந்தை பிளான் இருக்கா?" என்று கேட்டால், "இந்த வேலைக்கு அது தேவைப்படாதுன்னு நெனைக்கறேன் சார்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். அதற்கு மேலும் தோண்டினால் அந்த இடம் எப்படி என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது.

நேரில் போக வேண்டி வந்தால்

காலை பத்து, பத்தரைக்கு நேரம் கேளுங்கள். மதியத்துக்கு மேல் காலும் முகமும் வீங்கும், நெஞ்செரிச்சல் கூடும். வாக்-இன் என்று விளம்பரம் வந்தால் காத்திருப்பு எத்தனை மணி நேரம் ஆகும் என்று முந்தின நாளே போன் செய்து கேளுங்கள். வாசலில் செக்யூரிட்டியிடம் நேராகச் சொல்லி ஒரு நாற்காலி வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் கட்டாயம் தருவார்கள். எத்தனையாவது மாடி, லிஃப்ட் ஓடுகிறதா, கழிவறை எங்கே என்பதை உள்ளே நுழைந்ததும் பாருங்கள். நேர்காணல் அறைக்குள் போவதற்கு ஐந்து நிமிடம் முன் கழிவறை போய்விட்டு வருவது பட்டுப்புடவையை விட முக்கியம். அதோடு, இப்போது பட்டு வேண்டாம். இறுகாத காட்டன் சுடிதார், தட்டையான செருப்பு போதும்.

வெளியூர் நேர்காணலுக்கு இரவுப் பேருந்தில் போகாதீர்கள். மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் இரத்தம் உறையும் அபாயம் கர்ப்பத்தில் அதிகம். பகல் ரயிலில் போய், மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். 36 வாரம் தாண்டிவிட்டால் வெளியூருக்கே போக வேண்டாம், வீடியோவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டையின் நகல் கைப்பையில் இருக்கட்டும். நேர்காணலில் காட்ட அல்ல, வழியில் வலி வந்தால் 108-இல் வருபவர்களிடம் காட்ட. தண்ணீர் உடைவது, இரத்தப்போக்கு, கண் மங்கலோடு தலைவலி, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் நேர்காணலை மறந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆஃபர் வந்த பிறகு

வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். போனில் சம்மதித்ததை அன்றைக்கே மெயிலில் எழுதுங்கள், ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். விஷயம் இவ்வளவுதான்: இன்ன தேதியில் போனில் பேசியபடி, என் பிரசவத் தேதி இது, நான் சேரும் தேதி இது, இதை நீங்கள் ஏற்றுக்கொண்டதை உறுதிப்படுத்தவும். நான்கு வரிக்கு மேல் போக வேண்டாம். பதில் வராத பட்சத்தில் மூன்றாம் நாள் ஒரு நினைவூட்டல். ஆஃபர் லெட்டரிலேயே புதிய சேரும் தேதி அச்சாகி வந்தால்தான் அது ஆஃபர், மற்றதெல்லாம் நல்லெண்ணம்.

கேட்டு வாங்க வேண்டிய தகவல்களில் முதலாவது குழு மருத்துவக் காப்பீடு. "மெட்டர்னிட்டி கவர் முதல் நாளிலிருந்தே உண்டா, காத்திருப்புக் காலம் உண்டா, நார்மலுக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு, பிறந்த குழந்தை முதல் நாளிலிருந்து சேருமா?" பிரசவத்துக்கு முன்பே சேருகிறவர்களுக்கு இந்த ஒரு பதிலில் மருத்துவமனைச் செலவே மாறும். தனியாகப் புது பாலிசி எடுத்து இந்தப் பிரசவச் செலவை அதில் வாங்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். காத்திருப்புக் காலம் முடியாமல் கொடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது, குழந்தைக் காப்பகம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் காப்பக வசதி இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு முறை தாய் போய்ப் பார்த்து வரலாம். "இருக்கிறது" என்றால் எங்கே, எத்தனை மாதக் குழந்தையிலிருந்து சேர்ப்பார்கள் என்று கேளுங்கள். பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒப்பந்தம் போட்டு வைத்துவிட்டு "டை-அப் இருக்கு" என்பார்கள்.

கான்ட்ராக்ட் வேலை என்றால் ஒப்பந்தம் முடியும் தேதி விடுப்புக்கு நடுவில் விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் வரும். தகுதி பெற்றவருக்கு ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறுப் பலன் தொடரும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், டாக்டர் கவிதா யாதவ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். சேராமல் போக வேண்டி வந்தால், கைக்குழந்தையோடு சான்றிதழைத் திரும்பக் கேட்டு அலைய முடியாது. அதே காரணத்துக்காக, வருடக்கணக்கில் பாண்டு கேட்கும் வேலைக்கு இப்போது கையெழுத்து வேண்டாம்.

சேரும் முன் மருத்துவப் பரிசோதனை வைப்பார்கள். அதில் மார்பு எக்ஸ்-ரே வழக்கமாக இருக்கும். லேபில் இருக்கும் பையன் பட்டியலைப் பார்த்து "அடுத்து எக்ஸ்-ரே ரூம்" என்று கை காட்டுவான். நில்லுங்கள், கர்ப்பிணி என்று சொல்லுங்கள், பிரசவத்துக்குப் பிறகு எடுத்துத் தருகிறேன் என்று படிவத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இது மறுப்பில் சேராது, தள்ளிவைப்புதான்.

வீட்டு வேலை என்று வலை விரிப்பவர்கள்

கர்ப்பிணிகளைக் குறிவைத்தே "வீட்டிலிருந்தபடி டைப்பிங், மாதம் 25,000" என்று முகநூலில் விளம்பரம் வரும். முறை எப்போதும் ஒன்றே. முதலில் பதிவுக் கட்டணம் என்று ஆயிரமோ இரண்டாயிரமோ, அல்லது அதுவும் இல்லாமல் ஆதார் நகலும் கையெழுத்தும். பிறகு மங்கலான பக்கங்களை அனுப்பி, ஐந்து நாளில் முடிக்க வேண்டும், இத்தனை சதவீதம் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்பார்கள். முடித்துக் கொடுத்தால் தேறவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், வக்கீல் நோட்டீஸ் வருகிறது, பணம் கட்டுங்கள் என்று மிரட்டல். நோட்டீஸில் கோர்ட் முத்திரை மாதிரி ஏதோ அச்சடித்திருக்கும். பயந்து கட்டாதீர்கள். எண்ணைத் தடை செய்து, பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை.

இடைக்காலத்துக்கு வேறு பணம் வர வேண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் தவணையாகக் கிடைக்கும். பதிவு செய்துவிட்டுத் தவணையைக் கேட்காமல் விட்டவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்தால் போதும்.

பிரசவத்துக்கு முன்பே சேர்ந்துவிட்டவர்கள்

80 நாள் எட்டும் கணக்கோடு ஆறாம் மாதத்தில் சேர்ந்தவர்களுக்கு இரண்டே வேலை பாக்கி. ஒன்று, கடினமான வேலையும் நெடுநேரம் நிற்பதும் வேண்டாம் என்று எழுதிக் கேட்பது. பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கும் முந்தைய ஒரு மாதம், இந்தக் காலத்தில் நீங்கள் கேட்டால் கொடுத்தாக வேண்டும். கேட்காவிட்டால் கிடைக்காது.

இன்னொன்று விடுப்பு அறிவிப்பு. எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, பணத்தை யார் பெயரில் கொடுப்பது, விடுப்பில் வேறு எங்கும் வேலை பார்க்க மாட்டேன், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். கர்ப்பச் சான்று இணைத்தால், பிரசவத்துக்கு முந்தைய பகுதிக்கான பணத்தை முன்கூட்டியே தர வேண்டும். மீதியை, குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அந்தச் சான்றை அனுப்பும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். கணவரிடமோ தம்பியிடமோ ஹெச்ஆர் மெயில் முகவரியை இப்போதே கொடுத்து, எந்தக் காகிதத்தைப் போட்டோ எடுக்க வேண்டும் என்றும் காட்டிவையுங்கள். இனிப்பு வாங்கும் அவசரத்தில் அதை மறந்துவிட்டு, பதினைந்து நாள் கழித்து "சம்பளம் ஏன் வரலை" என்று உங்களையே வந்து கேட்பார்கள்.